கண்ணாடியைக் கழற்றச் சொன்னவர்கள்

பள்ளிக்கூடத்தை வைத்து எடுத்த படங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். அவற்றில் ஒன்றிலாவது ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து ஒரு கணக்கைச் செய்து முடித்ததை நான் பார்த்ததில்லை. புத்தகம் வைத்திருப்பாள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பாள். மூலை திரும்பும்போது ஒருவன் வந்து இடிப்பான், புத்தகம் விழும், இரண்டு பேரும் ஒன்றாகக் குனிவார்கள், பாட்டு வரும். அந்தப் புத்தகத்தைத் திறக்கவும் முடியும் என்பது படம் எடுத்தவருக்குத் தெரியாது போலும். பரீட்சை வந்தால் அவள் பேனாவைக் கடிப்பாள். முடிவு வந்தால் துள்ளுவாள், இல்லாவிட்டால் அழுவாள். நடுவில் எப்போது படித்தாள் என்று கேட்டால் பதில் இல்லை.

எனக்கு இந்த விஷயத்தில் கோபம் உண்டு. நாற்பது வயது தாண்டியும் அது ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

கோபம் தொடங்கிய இடம் கொழும்பில் வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று இருந்து, கடைசியில் கொழும்புக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். அப்பா அரசாங்க வேலையோடு வடக்கிலேயே நின்றுவிட்டார். அவரிடமிருந்து கடிதம் வரும், அவர் வரமாட்டார். வீட்டுச் சொந்தக்காரர்கள் முன்பக்கத்தில் இருந்தார்கள். புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். அவர்களுடைய மகள் என் வயது, என் பள்ளிக்கூடம், என் வகுப்பு, கணக்கில் எனக்குப் போட்டி. அவர்கள் வீட்டில் வீடியோ டெக் இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் அவள் வாடகைக்கு எடுத்துவரும் கசெட்டுகளை நாங்கள் இரண்டு பேரும் குசினிக் கதவோரம் பாய் போட்டுப் பார்ப்போம்.

எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. வகுப்பறைக் காட்சி வந்தால் உடனே படத்தை நிறுத்தி, கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். எல்லாப் படங்களிலும் ஒரே சூத்திரம்தான் இருக்கும். எட்டாம் வகுப்பில் படித்து முடித்த அதே ஏ கூட்டல் பீ, அடைப்புக்குறி, வர்க்கம். பன்னிரண்டாம் வகுப்பு என்று சொல்லிக்கொண்டு இருபத்தைந்து வயது நடிகைகள் அதையே வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு படத்தில் அதையும் பிழையாக எழுதியிருந்தார்கள். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் அவளுடைய உம்மா அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

ஆங்கிலப் படங்கள் என்றால் வேறு கூத்து. அவற்றில் கண்ணாடி போட்ட ஒரு பெண் வருவாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். படம் முடிய அரைமணித்தியாலம் இருக்கும்போது யாரோ அவளுடைய கண்ணாடியைக் கழற்றி, கட்டியிருந்த மயிரை அவிழ்த்துவிடுவார்கள். அவள் படிக்கட்டில் இறங்கி வருவாள். கீழே நிற்பவர்கள் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள்.

"கண்ணாடி இல்லாம அவளுக்குப் படி எப்பிடித் தெரியும்? உருண்டு விழுவாளே," என்பாள் என் தோழி.

நான் சிரிப்பேன். ஆனால் உள்ளே சுடும். ஏனென்றால் நானும் ஒன்பது வயதிலிருந்து கண்ணாடி போட்டவள். தடித்த கண்ணாடி. அதைக் கழற்றினால் ஒரு முழத்துக்கு அப்பால் உலகம் தண்ணீரில் நனைந்த கடிதம் மாதிரி இருக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் பெரியபிள்ளையானது இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் பதினொரு குடும்பங்களோடு இருந்தபோது. அங்கே சாமத்தியவீடு என்று பூப்புச் சடங்கு செய்ய யாருக்கு மனம் வரும்? அம்மா ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் ஊற்றி, யாரோ கொடுத்த நல்லெண்ணெயையும் ஒரு முட்டையையும் தந்து விஷயத்தை முடித்தார். எனக்கும் அது போதுமாக இருந்தது. மூன்று வருடம் கழித்து, எனக்குப் பதினாறு நடக்கும்போது, கனடாவிலிருந்த பெரியமாமா அந்தக் கடனைக் கொழும்பில் தீர்க்கச் சொன்னார். மண்டபம் எடுங்கோ, தண்ணி வாருங்கோ, நல்ல வீடியோ எடுத்து அனுப்புங்கோ. அந்த நாட்களில் இது புதினம் இல்லை. ஷெல்லுக்கும் ஓட்டத்துக்கும் இடையில் தவறிப்போன சாமத்தியவீடுகள் வெள்ளவத்தை மண்டபங்களில் வரிசையாக நடந்தன. எனக்கு முந்தின கிழமை அதே மேடையில் இருந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயது.

வீடியோ எதற்கு என்பதை மாமி, அதாவது பெரியமாமாவின் மனைவி, கனடாவிலிருந்து தொலைபேசியில் ஒளிக்காமல் சொன்னார். அவருடைய அண்ணன் மகன் அங்கே நல்ல வேலையில் இருக்கிறார். இப்போதே பேசி வைத்தால், எனக்குப் பதினெட்டு முடிந்ததும் கூப்பிடலாம். வீடியோவைப் பார்த்துவிட்டு அவர்கள் முடிவு சொல்வார்கள்.

அப்போது ஓ/எல், அதாவது சாதாரணதரப் பரீட்சை முடிவு வந்திருந்தது. எனக்குக் கணிதத்துக்கு அதிவிசேட சித்தி. என் தோழிக்கும் அப்படித்தான். அவள் ஏ/எல் என்ற உயர்தரக் கணித ரியூசனுக்குப் போகத் தொடங்கி நாலு மாதம். நான் போகவில்லை. அம்மாவிடம் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்.

"முதல்ல கொப்பி அங்கை போய்ச் சேரட்டும். அவை ஓமெண்டால் நீ ஏன் ஏ/எல் எண்டு மண்டையை உடைப்பான்? இங்கிலீசும் சமையலும் பழகினால் காணும்."

கொப்பி என்று அம்மா சொன்னது வீடியோ கசெட்டை. என் படிப்பு ஒரு கசெட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. தோழி ரியூசனில் தரும் ரியூட்டுகளை, அச்சடித்த கணக்குத் தாள்களை, கொண்டுவந்து எனக்குக் காட்டுவாள். நான் இரவல் வாங்கி, அவள் அடுத்த வகுப்புக்குப் போவதற்குள் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். திருடுகிறமாதிரி இருக்கும், ஆனால் நிறுத்தவில்லை.

வீடியோக்காரர் கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பெரிய மீசை, பெரிய வயிறு, மரியாதையான பேச்சு. அவரிடம் ஒரு ஸ்பெஷல் இருந்தது. மண்டபத்தில் எடுப்பது தவிர, அடுத்த நாள் வெளியில் கூட்டிப்போய்ப் படத்தில் வருகிறமாதிரி ஒரு காட்சி எடுத்து, பாட்டுப் போட்டு, கசெட்டின் தொடக்கத்தில் சேர்த்துத் தருவார்.

"ஸ்கூல் யூனிபோர்ம்ல ஒரு சீன் வச்சிருவோம் அக்கா," என்றார் அம்மாவிடம். "ரெட்டப் பின்னல், டை, கையில புத்தகம். இப்ப எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. ஃபொரின்ல பாக்குறவங்களுக்கு அப்பிடியே படம் பாத்த மாதிரி இருக்கும்."

அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. ஓ/எல் முடிந்து மடித்து வைத்திருந்த என் வெள்ளைச் சீருடையை எடுத்து அழுத்தினார். நான் அந்த மின்னழுத்தியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பள்ளிக்கூடம் போகவேண்டாம், பள்ளிக்கூடம் போகிறமாதிரி நடித்தால் போதும் என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்டது. இதை அம்மாவிடமே சொன்னேன்.

"வாயை மூடு," என்றார்.

மண்டபத்துச் சடங்கு ஒரு சனிக்கிழமை. சேலை கட்டி, நகை போட்டு, தலை நிறையப் பூ வைத்து என்னைத் தயார் செய்தபிறகு வீடியோக்காரர் வந்து பார்த்தார்.

"தங்கச்சி, கண்ணாடியக் கழட்டிருவோமா? லைட் அடிச்சா கண்ணே தெரியாது."

என் பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. அம்மா கண்ணாடியை என் முகத்திலிருந்து கழற்றி, கைலேஞ்சியில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்தார்.

அதன்பிறகு நடந்த சடங்கைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. மஞ்சளாக ஏதோ அசைந்தது, அது ஆரத்தித் தட்டு. நிறம் நிறமாகச் சில உருவங்கள் கிட்ட வந்து நெற்றியில் எதையோ வைத்துவிட்டுப் போயின. யார் சொந்தக்காரி, யார் பக்கத்து வீட்டுக்காரி என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். சேலைத் தலைப்பில் கால் மாட்டுப்படுமோ என்ற பயத்தில் குனிந்தபடி நடந்தேன். யாராவது கூப்பிட்டால், கூப்பிட்டது எந்தப் பக்கம் என்று தெரியாமல் மெதுவாகத் தலையைத் தூக்கி, ஒன்றும் தெரியாமல் மறுபடி குனிந்தேன்.

"என்ன வெட்கம் பாருங்கோ பிள்ளைக்கு," என்று ஒரு குரல் சொன்னது.

"இந்தக் காலத்திலை இப்பிடி ஒரு பிள்ளையோ," என்றது இன்னொன்று.

எனக்கு வெட்கம் இல்லை. எனக்குப் பார்வை இல்லை. அந்தக் குரல்களுக்கு உரிய முகங்கள் தெரிந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் ஞாயிறு. காலை ஒன்பது மணிக்கு நாங்கள் மூன்று பேர் கடற்கரைக்கு இறங்கினோம். முன்னால் கமராவோடு வீடியோக்காரர். நடுவில் சீருடையும் ரெட்டைப் பின்னலுமாக நான், கண்ணாடி இன்னும் அம்மாவின் பைக்குள்ளேயே இருக்க, ஒழுங்கையின் மதிலைத் தொட்டுத் தொட்டு. பின்னால் அம்மா, தோளில் கைப்பையும் கையில் ஆள் உயர, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் நுரைப் பலகையும். வெயிலை என் முகத்தில் திருப்ப அந்தப் பலகை தேவையாம். கையில் இரண்டு புத்தகம் வேண்டும் என்று வீடியோக்காரர் சொல்லியிருந்ததால், கிடைத்த ஒரு புத்தகத்தையும் தோழியிடம் வாங்கிய ரியூட்டையும் எழுதுகிற கொப்பி ஒன்றையும் பேனாவையும் எடுத்துவந்திருந்தேன். ரியூட்டைத் திங்கள் திருப்பிக் கொடுக்கவேண்டும், நான் இன்னும் செய்து முடிக்கவில்லை.

ஒழுங்கையின் முடிவில், ரயில் பாதைக்கு இப்பால், மண்மூட்டை அடுக்கிய ஒரு சோதனைச் சாவடி இருந்தது. நாங்கள் தினமும் பார்க்கும் சாவடிதான். ஆனால் கமராவோடு அந்தப் பக்கம் போவதற்கு அனுமதி வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மண்டபத்துக்குப் பொலிஸில் சொல்லியிருந்தோம். கடலுக்குச் சொல்லவில்லை. சாமத்தியவீட்டு வீடியோ என்றால் உலகமே வழிவிடும் என்று நம்பும் சனம் நாங்கள்.

இராணுவக்காரன் கையைக் காட்டி நிறுத்தினான். வீடியோக்காரர் சிங்களத்தில் நீளமாக விளக்கினார். அவன் கமராவை வாங்கி, கண்ணை வைத்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்தான். ரெஜிபோம் பலகையைத் தட்டிப் பார்த்தான். பிறகு அடையாள அட்டைகளைக் கேட்டான். என்னுடையது புது அட்டை, எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். அட்டையில் இருந்த பெண் கண்ணாடி போட்டிருந்தாள்.

"மேக்க ஒயாத?" என்றான். இது நீயா என்று கேட்கிறான். அவ்வளவு சிங்களம் எனக்குத் தெரியும்.

"ஒவ்," என்றேன்.

"கண்ணாடிய கோ?"

கண்ணாடி எங்கே என்கிறான் என்பது அம்மாவுக்கும் விளங்கிவிட்டது. பலகையைக் கீழே போட்டுவிட்டு, அவசரமாகக் கைப்பைக்குள் கையை விட்டார். அந்த நாட்களில் சாவடியில் யாரும் செய்யக்கூடாத வேலை அது. இராணுவக்காரன் ஒரு அடி பின்னால் போனதையும், துப்பாக்கியின் வார் உரசியதையும் நான் கேட்டேன். பார்க்க முடியவில்லை, கேட்டேன். மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து இன்னொரு ஆள் எழும்பினான். வீடியோக்காரர் சிங்களத்தில் கத்தினார். அம்மாவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அம்மா, கையை எடுங்கோ. மெல்ல," என்றேன்.

அம்மா கையை எடுத்தார். பிறகு அவன் சொன்னபடி பையை என் மூக்குக்குக் கிட்ட இருந்த மண்மூட்டையின் மேல் கவிழ்த்தார். சீப்பு, பவுடர் டப்பா, குங்குமச் சிமிழ், கொழும்பில் தங்க வாங்கிய பொலிஸ் பதிவுத் துண்டு, நேற்றைய பூவில் ஒரு காய்ந்த இதழ், கைலேஞ்சி. கைலேஞ்சியை அவனே துப்பாக்கி முனையால் விரித்தான். உள்ளே என் கண்ணாடி.

"தாகன்ன," என்றான்.

போட்டேன். ஒரு நாள் முழுவதும் காணாமல் போயிருந்த உலகம் ஒரு கணத்தில் திரும்பி வந்தது. கடல், தண்டவாளத்தில் சிந்திக் கிடந்த எண்ணெய், அவனுடைய சட்டைக் கையில் அவிழ்ந்து தொங்கிய நூல், அவன் கன்னத்தில் முகப்பரு. என்னைவிட மூன்று நாலு வயது கூடவாக இருக்கலாம். அவன் அட்டையை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். சரி என்று தலையாட்டி, அட்டையைத் தந்து, பத்து நிமிடத்தில் திரும்பி வரச் சொன்னான்.

அவனை நல்லவன் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அவன் எனக்காக அதைக் கேட்கவில்லை. நகரத்தில் குண்டுகள் வெடித்த காலம் அது, என் வயதுத் தமிழ்ப் பிள்ளைகளை, குண்டுப் பட்டி கட்டியிருக்குமோ என்று, இடுப்பிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவார்கள். படம் எடுப்பவருக்குப் பதினாறு வயதுப் பெண் என்றால் வெட்கம். சாவடியில் நிற்பவனுக்குப் பதினாறு வயதுத் தமிழ்ப் பெண் என்றால் சந்தேகம். இரண்டு பேருக்கும் என் மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்கத் தோன்றியதில்லை. ஆனாலும் அந்த இரண்டு நாளில் என் சொந்த முகத்தைக் காட்டு என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவன்தான். அந்தக் கேள்வி துப்பாக்கி வைத்திருந்தவனிடமிருந்து வரவேண்டியிருந்ததே என்பதை நான் இன்னும் யாருக்கும் மன்னிக்கவில்லை.

தண்டவாளத்தைக் கடந்து கற்பாறைகளுக்குப் போனோம். வீடியோக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கமராவைத் தோளில் வைத்தார்.

"சரி தங்கச்சி, இப்ப கழட்டிருங்க."

"ஏலாது," என்றேன்.

"ஏன்?"

"திரும்பிப் போகேக்கை அவன் அங்கைதான் நிக்கிறான்."

"போகேக்கை போடலாம்தானே பிள்ளை," என்றார் அம்மா.

"இன்னொருக்கால் பைக்குள்ளை கை விடப் போறியளோ அம்மா?"

அம்மா கைப்பையை மூடித் தோளில் ஏற்றினார். ரெஜிபோம் பலகையைத் தூக்கிப் பிடித்தார். அதுதான் எனக்குத் தெரிந்த பதில்.

வீடியோக்காரர் விடவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். கீழே பார்த்து, பிறகு மெதுவாக மேலே பார்த்து, பேனாவைக் கடிக்கச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்துத் தானே செய்து காட்டினார். அந்த மீசையும் வயிறுமாக அவர் பேனாவைக் கடித்து, இமையைத் தாழ்த்தி, தோளைக் குலுக்கியதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். அவருக்கு அது வந்த அளவுக்கு எனக்கு வரவில்லை. படங்களில் வரும் பெண்ணை அவர்தான் மனப்பாடம் செய்துவைத்திருந்தார்.

"புத்தகத்தக் கீழ போடுங்க தங்கச்சி. யாரோ வந்து இடிச்ச மாதிரி."

"இதோடை இருக்கிற ரியூட் என்ரை இல்லை. நாளைக்குக் குடுக்கவேணும். போடமாட்டன்."

"அப்ப சும்மா உக்காந்து எழுதுற மாதிரி செய்யுங்க."

உட்கார்ந்தேன். ரியூட்டைத் திறந்தேன். ஒரு இருபடிச் சமன்பாட்டின் மூலங்களை வைத்து இன்னொரு சமன்பாட்டை அமைக்கும் கணக்கு. முதல்நாள் முழுக்க மேடையில் குருடாக நின்றபோது மனதுக்குள் அதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். காற்று தாளைத் தூக்கியது, முழங்கையால் அழுத்திப் பிடித்தேன். எழுதுகிறமாதிரி செய்யவில்லை, எழுதினேன். முதல் தடவை விடை பொருந்தவில்லை. எங்கேயோ ஒரு சயக்குறி, கழித்தல் அடையாளம், தவறியிருந்தது. வெட்டிவிட்டு மறுபடி தொடங்கினேன்.

"தங்கச்சி, சிரிங்க," என்றார் அவர். நான் நிமிரவில்லை. கரையோர ரயில் ஒன்று எங்களுக்குப் பின்னால் போனது. மிதிபலகையில் தொங்கியவர்கள் விசிலடித்தார்கள். அதற்கும் நிமிரவில்லை. கணக்கு முடிந்தபோது பத்து நிமிடம் எப்போதோ போயிருந்தது. அம்மா பலகையைப் பிடித்தபடியே நின்றார். வெயில் என் தாளில் விழுந்திருந்தது.

மூன்று கிழமை கழித்து வீடியோக்காரர் கசெட்டோடு வந்தார். முன்வீட்டு டெக்கில் போட்டுப் பார்த்தோம். நான், அம்மா, தோழி, அவளுடைய உம்மா. மண்டபக் காட்சி முதலில் வந்தது. இதய வடிவத்துக்குள் என் முகம் சுற்றியது. பூக்கள் பறந்தன. ஒரு பாட்டு ஓடியது. நடுவில் ஒரு பெண் நடந்து வந்தாள். குனிந்த தலை, கனவு காண்கிற கண், யாராவது கூப்பிட்டால் மெதுவாக நிமிர்ந்து மறுபடி தாழும் இமை. நானும் தோழியும் எத்தனையோ சனிக்கிழமை பார்த்துச் சிரித்த அதே பெண். எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து, என் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தோழி சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாஷா அல்லாஹ், படத்துல வார புள்ள மாதிரியே ஈக்கி," என்றார் உம்மா. அன்போடுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, கோபத்தில் வந்த அழுகை.

அதன்பிறகு கடற்கரை. தொடக்கத்தில் போடுவதாகச் சொன்ன காட்சியைக் கடைசியில் தள்ளியிருந்தார். தடித்த கண்ணாடியோடு ஒரு பிள்ளை பாறையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி சுருங்கி, நாக்கின் நுனி வெளியே நீட்டி, கமராவைப் பார்க்காமல் எழுதினாள். வெட்டினாள். பின்னலைத் தூக்கிப் பின்னால் எறிந்துவிட்டு மறுபடி எழுதினாள். அதற்கும் பாட்டுப் போட்டிருந்தார், பாட்டுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"இது ஒண்ணும் சரியா அமையல அக்கா," என்றார் வீடியோக்காரர். "மண்டபத்து ஹோல் சீனே போதும். சொன்னீங்கன்னா இத வெட்டிட்டுத் தாறேன். மாப்பிள்ள வீட்டுக்காரங்க பாக்குற கசெட்தானே."

நான் சண்டைக்குத் தயாரானேன். என்னென்ன சொல்லவேண்டும் என்று மூன்று கிழமையாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அதற்குள் அம்மா பேசினார்.

"திருப்பிப் போடுங்கோ. அந்தத் துண்டை மட்டும்."

அவர் திருப்பிப் போட்டார். அம்மா கதிரையை முன்னால் இழுத்து, திரைக்குக் கிட்ட இருந்து பார்த்தார். முடியும்வரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உந்தக் கணக்கு வந்ததோ?"

நான் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"ஓம் அம்மா. ரெண்டாந்தரம் வந்தது."

அம்மா வீடியோக்காரரிடம், "வெட்டவேண்டாம். இருக்கட்டும்," என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் இன்றுவரை சொன்னதில்லை. கசெட் கனடாவுக்குப் போனது. அது போய்ச் சேர்ந்து, பார்க்கவேண்டியவர்கள் பார்த்து, பதில் வர ஒரு மாதம் எடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முன்வீட்டுக்கு அழைப்பு வந்தது. அம்மாவும் நானும் ஓடினோம். தூரத்து அழைப்பு என்றால் எல்லோரும் கத்தித்தான் கதைப்பார்கள், அதனால் மாமி சொன்னது ரிசீவருக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

"பிள்ளைக்கு இவ்வளவு பார்வைக் குறைவெண்டு ஒருதரும் சொல்லேல்லையே. அவை கேக்கினம், ஹோலிலை நிண்டதும் கடற்கரையிலை இருக்கிறதும் ரெண்டு பிள்ளையளோ எண்டு. அவைக்கு அந்த ஹோல் பிள்ளையை நல்லாப் பிடிச்சிருக்கு. மற்றது ஆர்?"

சாவடியில் கேட்ட அதே கேள்வி, கடல் கடந்து மாமியின் குரலில் வந்தது. அம்மா என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைத் தூக்கி மூக்கில் சரியாக வைத்தேன்.

"மற்றதுதான் எங்கடை பிள்ளை," என்றார் அம்மா. "ஹோலிலை நிண்டதை எங்களுக்கும் தெரியாது."

ரிசீவரை வைத்துவிட்டு, கணக்கு ரியூசன் என்னென்ன நாளில் நடக்கிறது என்று என் தோழியிடம் கேட்டார்.